செயின் மாட்டாத வண்டி

ஏப்ரல் 4, செவ்வாய்

இன்று பேசாத நாள். செவ்வாய்க்கிழமை காலையில் விளக்கு ஏற்றினால் மறுநாள் விடியும்வரை வாய் திறப்பதில்லை என்று திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு முப்பது வருஷம் ஆகிறது. எதற்காக நேர்ந்தாய் என்று கேட்பவர்களிடம் தலைவலிக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் இந்த நோட்டில் எழுத எனக்கு ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் பேசித் தீர்ந்துவிடும். இன்றைக்குத்தான் உள்ளே முட்டும்.

தம்பி திரவியம் மும்பையிலிருந்து போன் செய்தான். அவன் எப்போதும் செவ்வாய்க்கிழமைதான் கூப்பிடுவான். "நீ பதில் பேச மாட்டேல்லா, அதான் நாள் பாத்துப் போடுதான்" என்று எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் போனை விரலால் ஒரு தட்டு தட்டினால் ஆமா, இரண்டு தட்டினால் இல்லை. அப்படித்தான் நானும் அவனும் இத்தனை வருஷமாகப் பேசிக்கொள்கிறோம்.

"யக்கா, மே பன்னெண்டாம் தேதி தன்வியக் கூட்டிட்டு வாரேன். நாலு நாள் நம்ம வீட்லயே தங்குதோம்" என்றான்.

பதினாறு வயதில் ஆறுமுகநேரியை விட்டுப் போனவன். அப்பா செத்ததற்கு வந்தான், அம்மா செத்ததற்கு வந்தான். இரண்டு தடவையும் திருச்செந்தூரில் லாட்ஜில் தங்கினான். இந்த வீட்டில் தண்ணீர் குடித்தான், தலை சாய்க்கவில்லை.

"அவளுக்குப் பதினோரு வயசாவுது. சைக்கிள் சைக்கிள்னு உயிர எடுக்கா. எங்கிட்ட ஒரு பிஎம்எக்ஸ் இருந்துச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதப் பாக்கணும்னுதான் ஊருக்கே கெளம்புதா. அது இன்னும் கெடக்கா?"

ஒரு தட்டு.

"உடஞ்சதெல்லாம் சரி பண்ணியாச்சா? ஓடுமா?"

விரல் தானாகத் தட்டியது. ஒரு தட்டு.

"நெசமாவா?" குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிட்டது. பிறகு எப்படி இரண்டு தட்டுவது?

வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இது பொய்யில் சேராது என்றே நினைக்கிறேன். முருகனுக்குத் தெரியும்.

ஏப்ரல் 5, புதன்

வண்டி குளியலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. எத்தனையோ வருஷமாகப் பீர்க்கங்கொடியை அதில்தான் ஏற்றிவிடுகிறேன். நல்ல காய்ப்பு. கொடியை அறுத்து வெளியே இழுத்தபோது எனக்கே அழுகை வந்தது, பாதி பீர்க்கங்காய்க்காக, பாதி வண்டிக்காக.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை கோணல். மேல் பைப் நடுவில் இரண்டு இடத்தில் உள்ளே போயிருக்கிறது. உயரமான அந்தக் கைப்பிடி ஒரு பக்கம் கீழே தொங்குகிறது. டயர் தொட்டவுடன் பொடிகிறது. செயினைக் காணவே இல்லை. இங்கே உப்பளக் காற்று இரும்பைச் சும்மா விடாது.

"இதையா ஓடும்னு சொன்ன?" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லல. தட்டினேன்."

"ரெண்டு தட்டு தட்டிருந்தா பீர்க்கங்காயாவது மிஞ்சிருக்கும்."

ஏப்ரல் 7, வெள்ளி

பூஜைப் பாத்திரம் எதில் பளபளக்கிறதோ அதில் இதுவும் பளபளக்காதா? புளியும் கல்லுப்பும் வைத்துக் கைப்பிடியையும் சக்கரக் கம்பிகளையும் மதியம் முழுவதும் தேய்த்தேன். துரு விலகி வெள்ளை தெரிந்தது. அப்படியே ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனேன்.

ஏப்ரல் 8, சனி

காலையில் போய்ப் பார்த்தால் முன்பு இருந்ததை விட இரண்டு பங்கு சிவப்பு. உப்பைக் கழுவாமல் விட்டிருக்கிறேன். உப்பளத்துக்காரர் மகள் நான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 10, திங்கள்

ஆட்டோவில் போட்டுத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனேன். அங்கே கண்ணாடி போட்ட பெரிய சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரத் தம்பி வண்டியை ஆட்டோவிலிருந்து இறக்கவே விடவில்லை.

"ஆச்சி, இத ஏன் இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்திய? பேசாம புதுசு ஒண்ணு எடுத்துக்கிடுங்க. கியர் வச்சது இருக்கு."

ஆச்சியாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அவன் தலையில் எனக்கு இருப்பதை விட நரை அதிகம்.

"ஏம்ப்பா, சரி பண்ண முடியுமா முடியாதா?"

அவன் மேல் பைப்பைத் தடவிப் பார்த்தான். "இது கீழ விழுந்த அடி இல்லையே. கம்பிய வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குன மாதிரில்லா இருக்கு."

"லாரி ஏறிருச்சு" என்றேன்.

"லாரி ஏறினா சப்பையால்லா போவும்?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்காததையெல்லாம் பேசுகிறவனிடம் என்ன வேலை? திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

போன் வரவில்லை. நாள் முழுவதும் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது வந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. தையல் மிஷின் வேண்டும் என்று அப்பாவிடம் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியாயிற்று, வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்யலாம் என்று. ஒரு நாள் அப்பா தூத்துக்குடிக்குப் போய்விட்டு வேனில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். நான் ஓடிப்போய் மேஜையைக்கூடத் துடைத்துவிட்டேன். பிரித்தால் சைக்கிள். தம்பிக்கு. அவன் குதித்த குதியில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது அப்படி ஒன்றும் வருத்தம் இல்லை. மேஜையைத் துடைத்தது வீணாகவும் போகவில்லை, அதன்மேல் அவன் புத்தகத்தை வைத்துக்கொண்டான்.

ஊரில் அந்த மாதிரி வண்டி அது ஒன்றுதான். அவனும் அவன் கூட்டாளி சூசையும் உப்பளத்தில் உப்பு அம்பாரத்தின் மேலே உருட்டிக்கொண்டு போய், அங்கிருந்து பறந்து விழுவார்கள். இருவரும் ஒரே வண்டி, ஒரே தட்டு, ஒரே சட்டை மாதிரி.

அந்தச் சூசைதான் இப்போது ரயில்வே கேட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். இந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் அவனுக்குத் தெரியும். ஆனால் அவனிடம் மட்டும் போகமாட்டேன். ஏன் என்று எழுதத் தேவையில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை முதல் நாள். கனி பார்த்தேன், கோவிலுக்குப் போனேன், முருகா வேறு வழி காட்டு என்று கேட்டேன். காட்டவில்லை. திரும்பும் வழியில் கால் அதுவாகச் சூசை கடையில் போய் நின்றது.

அவன் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"சூசை, நல்லாருக்கியா? மேரி நல்லாருக்காளா? ஒரு வேல இருந்துச்சு, அதான் வந்தேன். நம்ம திரவி அடுத்த மாசம் வாரான். அந்தப் பழைய வண்டி இருக்குல்லா..."

"உங்க வீட்டு வண்டிக்கு நான் காத்துகூட அடிக்கமாட்டேன். ஊருக்கே தெரியும்."

"ஏய்யா, நான் உனக்கு அக்கா மாதிரில்லா?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன், யக்கா."

டியூபில் குமிழி வந்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தான். வாசலில் அப்படி யாரும் இல்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

நானே செய்கிறேன் என்று இறங்கினேன். முதலில் பெடலைக் கழற்ற வேண்டும். வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடல் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன், விபூதி பூசினேன், வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பேனரை மாட்டி அதன்மேல் ஏறியே நின்றார். சறுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம்.

"ஏளா, ஒன் தம்பிக்கு உண்மையச் சொல்லி ஒரு போன் போடு. எங்காலு மிஞ்சும்."

"எந்த உண்மைய?" என்று கத்திவிட்டேன்.

அவர் விழித்தார். "வண்டி ஓடாதுன்னு. வேற என்ன உண்மை?"

மஞ்சள் அரைத்துக் காலில் பற்றுப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

வண்டியை உருட்ட முடியாது. தூக்க வேண்டும். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரயில்வே கேட்வரை தூக்கிக்கொண்டு போனோம். ஊரே பார்த்தது. எல்லோரும் கேட்ட கேள்விக்கு ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு. கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அவர் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். நான் நின்றேன்.

சூசை வண்டியைப் பார்த்தான். கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னைக்குச் செவ்வாக்கெழமல்லா. பேசமாட்டிய."

தலையாட்டினேன்.

"நல்லதாப் போச்சு. ஒரு நாளாவது நான் பேசுதேன், நீங்க கேளுங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டான், எனக்கு. அவன் நின்றான். "முப்பது வருசம், யக்கா. பரீச்சைக்குப் போவாம அவன் உப்பளத்துல இருக்கான்னு நாந்தான் உங்கப்பாட்ட போட்டுக்குடுத்தேன்னு நெனச்சிட்டு ரயில் ஏறிட்டான். அன்னைக்கு அவன்கூட இருந்தது நான் ஒருத்தன்தானே, வேற யாருக்குத் தெரியும்னு நெனச்சான். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புனேன். ரெண்டாக் கிழிச்சு அதே கவர்ல திருப்பி வந்துச்சு. உங்கம்மா எழவுக்கு வந்தப்போ நான் மாலை கொண்டுட்டு வந்தேன். என்னக் கண்டதும் எந்திரிச்சு வெளிய போயிட்டான். பாத்துட்டுத்தானே இருந்திய?"

ரயில் ஒன்று போயிற்று. அது போகும்வரை நின்றான்.

"வாரத்துல ஒரு நாள் வாய மூடுனா மூடுனது எல்லாம் சரியாப் போயிருமா?"

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னான். நான் மேலே தொங்கிக்கொண்டிருந்த டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை.

கடைசியில் குனிந்து ஸ்பேனரை எடுத்து இடது பெடலில் மாட்டினான். நாங்கள் அழுத்தியதற்கு எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு. கடக் என்றது. கழன்றுவிட்டது.

"எடது பெடலு தலகீழாத்தான் கழலும். எல்லாத்தையும் ஒரே பக்கம் முறுக்கிட்டே இருந்தா எப்படி?" என்றான். "வண்டி இருக்கட்டும். வண்டி என்ன பாவம் செஞ்சுது."

ஏப்ரல் 22, சனி

தினம் போகிறேன். தினம் சண்டை.

முன் கவட்டையை நெருப்பில் காட்டி நிமிர்த்தினான். மறுபடி ஒரு பக்கம் இழுக்கிறதாம், திரும்பவும் நெருப்பு. பின்சக்கரம் ஒரு பக்கம் மட்டும் சுற்ற வேண்டியது, இரண்டு பக்கமும் சுற்றவில்லை, நாலு நாள் மண்ணெண்ணெயில் கிடக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த டயர் அகலம் பற்றவில்லை. "இது பால்காரன் டயரு. அது முள்ளு முள்ளால்லா இருக்கும்" என்று மூலையில் எறிந்தான். என் புளி வைத்தியத்தைப் பார்த்துவிட்டு, "இரும்புல ரசம் வச்சது யாரு?" என்று கேட்டான்.

நிறத்துக்கு ஒரு மணி நேரம். நான் நீலம் என்றேன். அவன் மஞ்சள் என்றான். எங்கள் வீட்டில் நின்ற வண்டி, எனக்குத் தெரியாதா? கைப்பிடிக் குறுக்குக் கம்பியில் சுற்றியிருந்த பழைய பஞ்சு உறையைப் பிளேடால் கிழித்துக் காட்டினான். உள்ளே புத்தம் புதிதாக மஞ்சள்.

உறைதான் நீலம். நான் அதைத்தான் பார்த்திருக்கிறேன் போல.

ஏப்ரல் 25, செவ்வாய்

திரவியம் போன் செய்தான். டிக்கெட் எடுத்தாயிற்றாம். தன்வி பேசினாள். "அத்தை, அந்த சைக்கிள்ல ஜம்ப் பண்ணலாமா?" ஒரு தட்டு. "வாவ்" என்றாள். பிறகு அவன் வாங்கினான்.

"யக்கா, அந்தச் சூசை இன்னும் ஊர்லதான் இருக்கானா?"

நான் தட்டவில்லை.

"இருந்தா இருக்கட்டும். அவன் மொகத்துல நான் முழிக்கமாட்டேன். அப்பா கடப்பாரையத் தூக்கி அந்த வண்டிய அடிச்ச அடி இருக்கே, ஒவ்வொண்ணும் எம்மேல விழுந்த மாதிரி. அப்பா மேலகூடக் கோவம் போயிருச்சு. போட்டுக்குடுத்தவன் மேல போவல. கேக்கியா?"

ஒரு தட்டு.

போனை வைத்த பிறகும் விரல் மேஜையிலேயே இருந்தது. வெயில் தாங்கவில்லை. ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது.

ஏப்ரல் 29, சனி

வண்டி நிற்கிறது! மஞ்சள். முள்ளு முள்ளாகப் புது டயர். கைப்பிடி நேராக இருக்கிறது. முன்னால் நம்பர்ப் பலகைகூட அடித்து மாட்டியிருக்கிறான், அந்தக் காலத்தில் இருந்த அதே ஏழு. மேல் பைப்பின் பள்ளங்களை அடைத்துத் தேய்த்து எடுத்திருக்கிறான், கையால் தடவினால்தான் தெரியும். நான் திருநீறு எடுத்துப் போயிருந்தேன், சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சூசை வேண்டாம் என்று சொல்லவில்லை, தானும் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டான். சந்தோஷத்தில் பெடலை மிதித்துப் பார்த்தேன். சும்மா சுற்றியது.

"செயின எங்க?"

"இருக்கு." மேலே ஆணியில் எண்ணெய் போட்டு மாட்டியிருந்தது. "நீங்க அவன்கிட்டச் சொன்ன பெறவு மாட்டுதேன்."

"என்னத்தச் சொல்ல?"

"யக்கா." குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு நான் வெரசா வீட்டுக்கு வந்தேன், தண்ணி பாட்டில் எடுக்க. எங்க வாசல் வழியாத்தான் நீங்க போனிய. செருப்புகூடப் போடல. நேரா உங்கப்பா உக்காந்திருந்த உப்பு எடை போடுத மேடைக்குப் போனிய. நான் பாத்துட்டேன்."

திருநீற்றுப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினேன்.

"தெரிஞ்சா ஏன் நீ அவன்கிட்டச் சொல்லல?"

"அந்த மாசம் உங்களுக்கு நிச்சயம். தம்பி வீட்ட விட்டு ஓடுனதுக்கு அக்காதான் காரணம்னு வெளிய வந்தா மாப்ள வீட்ல என்ன பேசுவாவன்னு எங்கம்மா வாயப் பொத்திட்டா. அடுத்த மாசம் நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். பெறவு அடுத்த வருசம். பெறவு விட்டுட்டேன். நான் சொன்னா அவன் நம்பவா போறான்? நீங்கதான் சொல்லணும்."

"அவன் நாலு நாள் இங்க தங்கப் போறான், சூசை. முப்பது வருசம் கழிச்சு. இதச் சொன்னா வரவேமாட்டான்."

"எனக்கும் அதே முப்பது வருசந்தான்" என்றான்.

மே 2, செவ்வாய்

போன் இல்லை. எனக்கும் எழுத ஒன்றும் இல்லை.

மே 5, வெள்ளி

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அவன் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் திருச்செந்தூரில் ஒரு செயின் வாங்கி வந்து பத்தே நிமிஷத்தில் மாட்டிவிட்டார். மாட்டி, தெருமுனைவரை அவரே ஓட்டியும் காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரடி மாதிரி. எதிர்வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இதுக்குப் போயி அவன்கிட்ட ஒரு மாசம் கெஞ்சுன. செயின் மாட்டுறது என்ன பெரிய வித்தையா?"

எல்லாம் சரியாகிவிட்டது. ஓடுகிறது. நான் தட்டிய தட்டு உண்மையாகிவிட்டது. இனி யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

கோவிலுக்குப் போனேன். கூட்டம். சன்னிதி முன்னால் நின்றேன். கும்பிட ஒன்றும் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

மே 9, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. "யக்கா, நாளைக்கு வண்டி ஏறுதோம். வெள்ளிக்கெழம காலைல அங்கன இருப்போம். தன்விக்கு நேத்தே தூக்கம் போயிருச்சு. அந்தச் சைக்கிளு..."

"திரவி" என்றேன்.

"யக்கா? இன்னைக்குச் செவ்வாக்கெழமல்லா?"

"ஆமா. கேளு. வச்சிராத. அன்னைக்கு அப்பாட்டச் சொன்னது நாந்தாம்ல. சூசை இல்ல."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பரீச்சைக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது எப்படியென்றால், அவன் ஹால் டிக்கெட் மேஜைமேல் கிடந்தது, நான் தையல் மிஷினுக்காகத் துடைத்த மேஜை. கொண்டுபோய் அவனிடம் கொடுத்திருக்கலாம், பரீச்சை தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. உப்பளத்தில்தான் இருப்பான் என்று தெரியும், அதுவும் பக்கம்தான். நான் போகவில்லை, அப்பாவிடம் போனேன். அவன் நல்லதுக்குத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா கடப்பாரையைத் தூக்கியபோது நான் வாசலில் நின்றேன். முதல் அடி விழுந்தபோது, ஒரே ஒரு நிமிஷம், எனக்கு நன்றாக இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது அடியில் அவன் முகத்தைப் பார்த்தேன், பிறகு நன்றாக இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் நன்றாக இல்லை.

"வண்டி ஓடுமான்னு கேட்டப்போ தட்டினேன்லா, அதுவும் பொய். அது கொடி படந்து கெடந்துச்சு. சூசைதான் சரி பண்ணுனான்."



"ஏன் இப்போ சொல்லுத?" என்றான். "எல்லாரும் செத்த பெறவு?"

"சூசை செயின் மாட்டமாட்டேங்கான்" என்றேன்.

வைத்துவிட்டான்.

முப்பது வருஷ விரதம் போயிற்று. வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குத் தண்ணீர் மொண்டு தந்ததில்லை.

மே 10, புதன்

வீட்டுக்காரரிடம் செயினைக் கழற்றச் சொன்னேன். "கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? மாட்டுன்ன, மாட்டுனேன். இப்போ கழட்டுன்னு சொல்லுத?" கழற்றினார். வண்டியைச் சூசை கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னான்?"

"வச்சிட்டான்."

சூசை ஆணியிலிருந்து செயினை எடுத்தான். மாட்ட நேரம் ஆயிற்று. பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டான். நல்ல சத்தம், கிட்டக் கிட்டக் கிட்டக் என்று நெடுநேரம் ஓடியது. நின்ற பிறகு, "அவன் வராமப் போனா என்ன செய்விய, யக்கா?" என்றான்.

"தெரியல."

"வண்டி இங்கயே நிக்கட்டும்."

மே 11, வியாழன்

அவன் போன் எடுக்கவில்லை. பதினாலு தடவை. வண்டி ஏறினானா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

மே 12, வெள்ளி

ஏறியிருந்தான்.

வாளமீன் குழம்பு அவனுக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது, இருந்தும் வைத்தேன். கூட்டு, அவியல், பாயாசம். ஒன்பது மணி ரயில் வந்த சத்தம் கேட்டது. ஒன்பதரை. பத்து. பதினொன்று. வீட்டுக்காரர் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டு வந்தார்.

"வந்துட்டான். பெட்டியோட சூசை கடையில உக்காந்திருக்கான்."

"என்ன பேசுதாவ?"

"எங்க பேசுதாவ? ஒருத்தன் பஞ்சர் ஒட்டுதான், ஒருத்தன் அதப் பாத்துட்டு இருக்கான்."

நான் போகவில்லை. எத்தனை தடவை செருப்பை மாட்டினேன், எத்தனை தடவை கழற்றினேன். இத்தனை நாள் பேசியது போதும், இன்றைக்காவது கால் வீட்டில் இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு வாசலில் கிட்டக் கிட்டக் என்று சத்தம். மஞ்சள் வண்டி. அதன்மேல் முழங்கால் முழுக்கச் சிராய்ப்போடு ஒரு பெண். திரவியத்தின் அதே புருவம்.

"சண்முகக்கனி அத்தையா? நான் தன்வி. சூசை அங்கிள் கூட உப்பு மலைல ஏறினேன். விழுந்துட்டேன், ஆனா வலிக்கல. சைக்கிளுக்கும் ஒண்ணும் ஆகல. அப்பா என்ன இங்க சாப்டச் சொன்னாங்க."

"அப்பா வரலியாம்மா?"

"அவங்க அங்கதான் இருக்காங்க." வண்டியைச் சுவரில் சாய்த்தாள். "அப்பா அழுதாங்க. சூசை அங்கிள் திட்டினாங்க, அழாதலன்னு. அப்பறம் அங்கிளும்."

கால் கழுவிவிட்டேன், சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்தேன், சோறு போட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. நான் எதிரே உட்கார்ந்து கேட்டேன். அவள் கிளம்பும்போது நாலடுக்குத் தூக்கில் சோறு, மீன் குழம்பு, அவியல், பாயாசம் எல்லாம் வைத்து, கைப்பிடியில் மாட்டிவிட்டேன். இரண்டு பேருக்குக் காணும்படியாக.

"என்ன சொல்லட்டும் அத்தை?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. குடுத்தாப் போதும்."

மே 13, சனி

நேற்று அவர்கள் சூசை வீட்டில் படுத்துக்கொண்டார்கள். வாசல் விளக்கை நான் அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலையில் தன்வி தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மதியம் என்ன சமையல் என்று அப்பா கேட்டுவரச் சொன்னதாகச் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தூக்கைத் திறந்தேன். அடுத்த வீட்டுப் பாத்திரம் என்றால் எவரும் விளக்கித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். இந்த இரண்டு தடிமாடுகளும் கழுவக்கூட இல்லை. நாலு அடுக்கிலும் குழம்பு காய்ந்து ஒட்டி, மீன் முள்ளை உள்ளேயே போட்டு, மேல் அடுக்கில் பாயாசத்தில் எறும்பு. சொந்த வீட்டில் தின்றுவிட்டு எழுந்து போகிற மாதிரி.

இரண்டு பேரையும் வாய் நிறையத் திட்டிக்கொண்டே தேய்த்தேன்.